பின்பக்கத்தில் வைத்த சந்தனம்

நெம்மேலியில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையில் எனக்குப் பம்பு பார்க்கும் வேலை. படிப்பு பத்தாவதோடு சரி. என் மகளோ சென்னையில் பாரசீக இலக்கியத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். எல்லாம் அந்தப் பெருமாள் கொடுத்தது.

கூட வேலை பார்ப்பவன் விடமாட்டான். "இன்னா அண்ணாத்த, பாப்பா பார்சி படிச்சி இன்னா பண்ணப் போவுது?"

"நீ தமிழ் படிச்சி இன்னா கீச்சிட்ட? கம்முனு வால்வ மூடு" என்பேன்.

செங்கல்பட்டில் ஓய்வுபெற்ற முஸ்லிம் டீச்சரம்மா ஒருவரிடம், அவருடைய தாத்தா கைப்பட எழுதிய பாரசீகக் கவிதைகள் இரண்டு கட்டாக இருந்தன. முதல் கட்டை மட்டும் மகளிடம் கொடுத்து, பழுதில்லாமல் திரும்பி வந்தால்தான் இரண்டாவது என்று சொல்லியிருந்தார். அது கிடைக்காவிட்டால் ஆராய்ச்சி பாதியிலேயே நின்றுவிடும்.

சரஸ்வதி பூஜையன்று, ஊருக்கு வந்திருந்த மகள் குளித்துவிட்டு வருவதற்குள் என் ஸ்பேனர்களையும் அவள் புத்தகங்களையும் அடுக்கி, எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துக் கற்பூரமும் காட்டிவிட்டேன். டீச்சரம்மா கொடுத்த கட்டும் அதில் இருந்தது. அதற்கு அட்டை கிடையாது. மேல் தாளிலேயே வைத்தேன்.

ஈரத்தலையோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "அப்பா, இதுக்குமா?"

"எல்லாப் புத்தகத்துலயும் அம்மா கீறாளேம்மா."

அந்த எழுத்து வலமிருந்து போகுமாம், புத்தகமும் நம் புத்தகம் முடிகிற பக்கத்திலிருந்துதான் தொடங்குமாம். நான் வைத்தது கடைசித் தாள். வெறும் தாள். "எழுத்து தப்பிச்சிதுப்பா. ஆனா அவங்க மனசு?" என்றாள். பூஜையில் வைத்ததை மறுநாள்வரை எடுக்கக் கூடாது என்பதால் அவளும் தொடவில்லை.

விஜயதசமி காலையில் மறுபூஜை முடித்து, அந்தக் கட்டை ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு, திருப்பிக் கொடுக்க இருவரும் பஸ் ஏறினோம். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் மெல்லக் கேட்டாள். "சொல்லாமலே குடுத்துடலாமாப்பா? கடைசித் தாள யாரு பாக்கப் போறாங்க?"

"சாமிக்கு வெச்சத மறைக்கக் கூடாதும்மா."

டீச்சரம்மாவின் மேசைமேல் சந்தனம் மேலே தெரியும்படி வைத்தேன். "நான் வெச்சதும்மா. பொண்ணு மேல தப்பு இல்ல."

அவர் கட்டைக் கையில் எடுத்தார். குனிந்து முகர்ந்தார். "எங்க தாத்தா ஒரு ராத்திரி உங்க சாமிகிட்ட தங்கிட்டு வந்தாரா? அதுவும் தலகீழா!"

சிரிப்பா, கோபமா, எனக்குப் புரியவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார். இரும்புப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டாவது கட்டோடு வந்தார். "நான் டீச்சருண்ணே. தாள் தாளாப் பாத்துத்தான் வாங்குவேன். மறைச்சிருந்தீங்கன்னா இந்தப் பெட்டி தொறந்திருக்காது. இதுக்குப் பொட்டு வேணாம், சரியா?"

திரும்பும்போது பஸ்ஸில் மகளிடம் கேட்டேன், இதுக்கு எதும்மா முகம் என்று. காட்டினாள். அந்தப் பக்கம் மேலே வரும்படி மாமல்லபுரம்வரை மடியில் வைத்துக்கொண்டேன். அடுத்த பூஜைக்குத் துண்டில் சுற்றித்தான் வைப்பேன், பொட்டு கிடையாது என்று சரஸ்வதியிடமும் சொல்லிவிட்டேன்.