முடிச்சுக் கயிறும் நீச்சல் முகாமும்

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அக்கா நாவலூர் அலுவலகத்தில் இருந்தாக வேண்டும். வீட்டிலிருந்தே வேலை பார்த்தது போதும் என்று மெயில் வந்த அன்றே எனக்கும் உத்தரவு போட்டுவிட்டாள்.

"நீ சும்மாதானே இருக்க? நல்ல சம்மர் கேம்ப்பா பாத்து இவளச் சேத்து விடு. நீச்சல் கண்டிப்பா இருக்கணும். நீச்சல் இல்லன்னா கேம்ப்பே வேணாம், ஓசூர்ல கொண்டு விட்டுர்றேன்."

நான் சும்மா இருக்கவில்லை. எம்.எஸ்ஸி. முடித்து, பெங்களூரில் வேலை கிடைத்து, சேரும் தேதிக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். இதைச் சொன்னால், அதற்குப் பெயர்தான் சும்மா இருப்பது என்பாள். பாப்பாவை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொல்ல முடியாது. "நாளைக்கே மெயில் வந்து நீ பொட்டியத் தூக்கிட்டுப் போயிட்டா?" என்று ஏற்கெனவே கேட்டுவிட்டாள். நியாயமான கேள்விதான்.

பாப்பா அக்காவின் ஒரே மகள். எட்டு வயது. மாமாவுக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி நாள் கடலில். ஓசூர் என்றால் மாமாவின் தங்கை வீடு. போன கோடை முழுவதும் பாப்பா அங்கேதான் இருந்தாள். கெட்டவர்கள் இல்லை. பகலில் வெளிக்கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்கள், அவ்வளவுதான். திரும்பி வந்தபோது, கடித்துக் கடித்து அவளுடைய பத்து விரலிலும் நகம் இல்லை. அங்கே என்ன பண்ணினாய் என்று எத்தனை முறை கேட்டாலும் "டிவி" என்று ஒரே பதில். இன்னொரு கோடை அப்படிப் போகக் கூடாது என்று எனக்குள் முடிவெடுத்துவிட்டேன். அக்காவின் நிபந்தனைக்கும் பாப்பாவின் நகத்துக்கும் நடுவில் ஒரு முகாமைக் கண்டுபிடிக்க எனக்கு எட்டு நாள் இருந்தது.

முடிச்சூர்ப் பக்கம் இருக்கிறவர்களுக்கு அக்காவின் நிபந்தனை விசித்திரமாகத் தெரியாது. ஏப்ரல் பிறந்ததும் எங்கள் தெரு அம்மாக்களின் வாட்ஸாப் குழுவில் வருகிற முதல் கேள்வி, "இந்த வருஷம் எந்த நீச்சல் குளம்?" டிசம்பருக்காக ஏப்ரலிலேயே பயப்படத் தொடங்குகிறவர்கள் நாங்கள். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் புதுப் பெயின்ட்டுக்கு அடியில் வெள்ளம் விட்டுப்போன ஒரு பழுப்புக் கோடு இருக்கிறது. எங்கள் வீட்டில் அது அக்காவின் வயிற்றுக்கு மேல், என் நெஞ்சுக்குக் கீழ்.

அந்த டிசம்பரில் பாப்பாவுக்கு ஐந்து வயது. அக்கா அவளைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு நடந்தாள். நான் தெருவோரம் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்தபடி முன்னால் போனேன். தெருமுனையில் மழைநீர் வடிகாலின் மூடி திறந்துகிடந்திருக்கிறது. அக்காவின் கால் அதற்குள் போய்விட்டது. சத்தம் கேட்டு நான் திரும்பினால் பின்னால் யாரும் இல்லை. வெறும் தண்ணீர். பிறகு அக்காவின் தலை வந்தது. பிறகு அவள் கையில் ஒரு சட்டைக் காலர். ஒரு நொடி, அதிகம் போனால் இரண்டு நொடி. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. அக்கா "நீச்சல்" என்கிறாள், நாங்கள் புரிந்துகொள்கிறோம்.

பாப்பாவோ தண்ணீரை விட்டு நகர்வதே இல்லை. பள்ளி விட்டு வந்ததும் ஒரு மக் தண்ணீரைத் தெருவில் ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குந்திக்கொண்டு பார்ப்பாள். சாக்பீஸால் அம்புக்குறி போடுவாள். நோட்டில் வரைவாள். ஒரு கயிறு வைத்திருக்கிறாள், அரை அடிக்கு ஒரு முடிச்சு. ஓரிடத்தில் மட்டும் சிவப்பு நூல் சுற்றியிருக்கும். அது என்ன என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

நான் செய்தது வேறு. பதினோரு முகாம்களை எக்செலில் போட்டேன். தூரம், வேன் வசதி, வகுப்பில் எத்தனை பிள்ளைகள், குழந்தையின் ஆர்வம் என்று பத்தி பிரித்து மதிப்பெண் கொடுத்தேன். 'ஆர்வம்' என்ற பத்தியில் 'தண்ணீர்' என்று தட்டச்சு செய்தபோது எனக்கே என்னை மெச்சத் தோன்றியது. மேடவாக்கம் தாண்டி, பள்ளிக்கரணைப் பக்கம் இருந்த ஒரு பெரிய முகாம் முதலிடத்தில் வந்தது. ஓவியம், செஸ், தினம் ஒரு மணி நேரம் நீச்சல். ஒன்பதாவது இடத்தில் செலையூரில் ஒரு வீட்டு மாடியில் நடக்கிற சின்ன முகாம்: பன்னிரண்டு பிள்ளைகள், தெருத்தெருவாக நடந்து போய் வரைபடம் வரைவது, களிமண்ணில் ஊரைச் செய்வது. நல்ல யோசனைதான். ஆனால் நீச்சல் இல்லையே என்று 'ஆர்வம்' பத்தியில் சைபர் போட்டேன்.

சனிக்கிழமை பெரிய முகாமில் ஒரு நாள் இலவச வகுப்பு. ஸ்கூட்டியில் அவளை ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறும்போதே கேட்டாள்:

"சித்தி, அந்தக் குளத்துல தண்ணி எங்கேருந்து வரும்?"

"லாரில வரும்."

"அப்புறம் எங்க போகும்?"

"நீ போய் நீச்சலடி பாப்பா, தண்ணி எங்க போனா உனக்கென்ன?"

குளத்தைச் சுற்றி இரும்பு வலை. பெற்றோர் வலைக்கு வெளியேதான் நிற்க வேண்டும். நாற்பது பிள்ளைகள், நாற்பது பேருக்கும் ஒரே நீலத் தொப்பி. இறங்குவதற்கு முன்னால் அவளை நிறுத்திப் படம் எடுத்தேன். வெயிலில் கண்ணைச் சுருக்கியது சிரிப்பு மாதிரியே விழுந்திருந்தது. "சூப்பரா செட் ஆயிட்டா" என்று எழுதி அக்காவுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "இங்கயே சேத்துரு."

பாப்பா இறங்கவில்லை. விளிம்பில் குந்தி, நீச்சல் உடைக்குள் சுருட்டி வைத்திருந்த கயிற்றை எடுத்துத் தண்ணீருக்குள் விட்டாள்.

"மாஸ்டர், மூணு அடின்னு எழுதிருக்கு. ஆனா மூணரை இருக்கு."

"அதெல்லாம் உனக்கெதுக்குமா? எறங்கு."

"எழுதினது தப்பு மாஸ்டர்."

பின்னால் நின்ற பையன் ஒருவன், "மாஸ்டர், பாப்பா இன்ஜினீயர் மாஸ்டர்!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்துக்கொண்டே, "தள்ளிவிட்டா தானா வந்துரும்" என்று அவள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி உள்ளே போட்டார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, எல்லாப் பிள்ளைகளையும் அப்படித்தான் போட்டார். பாப்பா மேலே வந்து கம்பியைப் பிடித்தாள். அழவில்லை. கழுத்து வரை தண்ணீர். என்னைப் பார்த்தாள். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன்.

அப்போது பார்த்து பெங்களூர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. வேலை விஷயம். நாலு நிமிடம் நிழலுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தேன். கம்பியில் பாப்பா இல்லை.

தண்ணீருக்குள் நீலத் தொப்பிகள். எண்ணினேன். முப்பத்தாறு. மறுபடி எண்ணினேன். முப்பத்தெட்டு. ஒன்று முங்குகிறது, ஒன்று எழுகிறது, எங்கே விட்டேன் என்று தெரியாமல் மறுபடி ஒன்றிலிருந்து. வலையைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். மாஸ்டர் திரும்பி, "பாத்ரூம் போறேன்னு கேட்டாளே" என்றார். பாத்ரூமில் இல்லை. உடை மாற்றும் அறையில் அவளுடைய பை இருந்தது, செருப்பு இருந்தது. மாஸ்டர் விசில் ஊதி எல்லோரையும் வெளியே ஏறச் சொன்னார். பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏற ஏற, அடியில் எதுவும் கிடந்துவிடக் கூடாது என்று தண்ணீரையே பார்த்தேன். எனக்குப் பழுப்பு நிறம்தான் தெரிந்தது. நீலக் குளத்தில், பட்டப்பகலில்.

தண்ணீர் அசைவு நின்றது. தரையின் வெள்ளை ஓடு தெரிந்தது. ஒன்றும் இல்லை.

அந்த நேரம் சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: "இன்னா பாப்பா, மோட்டார் ரூமாண்ட குந்திகினு இன்னா பண்ற? ஷாக் அடிக்கும், எந்திரி!"

ஓடினேன். மோட்டார் அறை வாசலில் ஈரத்தோடு உட்கார்ந்து, கழிவுக் குழாயில் ஒழுகிய தண்ணீரைத் தன் பாட்டிலில் பிடித்துக்கொண்டிருந்தாள். உதடு எண்ணிக்கொண்டிருந்தது. மோட்டார் பார்க்கும் அண்ணன் என்னைப் பார்த்து, "உங்க கொயந்தையா? நல்லா பேஜார் குடுத்துச்சுக்கா" என்றார்.

நான் அவளை அறைந்திருப்பேன். கை தூக்கியும் விட்டேன்.

"சித்தி, இந்தத் தண்ணி வெளிய போகவே இல்ல. சுத்திச் சுத்தி உள்ளதான் போகுது. இது மட்டும்தான் வெளிய வருது, பாட்டில் ரொம்பறதுக்கு இருபது எண்ணணும்" என்றாள். பற்கள் அடித்துக்கொண்டன. "தண்ணி வெளிய போற எடம் இருக்கான்னு பாத்துட்டு, அப்புறம் எறங்கலாம்னு நெனச்சேன்."

கை தானாகக் கீழே வந்தது.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொல்லவில்லை. ஏன் என்றால், சொன்னால் ஓசூர். அன்று இரவும் மறுநாள் பகலும் அந்தப் பொய்யோடு இருந்தேன். ஞாயிறு சாயங்காலம் அக்கா சண்முகம் ரோட்டுக்குப் போய் ரோஸ் நிற நீச்சல் கண்ணாடி வாங்கி வந்தாள். "போட்டுப் பாருடி செல்லம்." பாப்பா வாங்கிக்கொண்டாள். இன்னொரு கை வாய்க்குப் போனது. கட்டைவிரல் நகம்.

"அக்கா," என்றேன். "நேத்து ஒண்ணு நடந்துச்சு."

நான் சொல்லி முடிக்கும்வரை அக்கா நின்றபடியே கேட்டாள். பிறகு, "நாப்பது பசங்க நடுவுல இவளக் காணோம்னு இன்னிக்கி வந்து சொல்றியா?" என்றாள்.

"அதான் கெடச்சிட்டாளே."

"கெடச்சிட்டா. அன்னிக்கும்தான் கெடச்சா."

செலையூர் முகாமைப் பற்றி ஆரம்பித்தேன். "படம் வரைஞ்சா தண்ணி வடிஞ்சிருமா?" என்றாள். பரண் மேலிருந்து பெட்டியை இறக்கினாள். பாப்பாவின் நாலு கவுனை மடித்து வைத்தாள். மடிப்பு சரியாக விழவில்லை. போனை எடுத்து ஓசூருக்குப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துவிட்டு மறுபடி மடித்தாள். ரிங் போய்க்கொண்டிருந்தது.

பாப்பா கயிற்றோடு வந்தாள். ஒரு முனையை அக்காவின் காலடியில் மிதித்து, மேலே இழுத்துப் பிடித்தாள். சிவப்பு நூல் அக்காவின் வயிற்றுக்கு மேல் நின்றது.

"இது அன்னிக்கி வந்த தண்ணி. பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடி அளந்து வச்சேன். உனக்கு இங்க." கயிற்றைத் தன்மேல் வைத்தாள். "எனக்கு இப்பவும் மூக்கு."

அக்கா கையிலிருந்த கவுனைக் கீழே வைத்தாள்.

"அம்மா, நான் நீச்சல் கத்துக்கிட்டா, அடுத்த வாட்டி தண்ணி வந்தா என்ன எறக்கி விட்டுருவியா? நானா நீந்திப் போகணுமா?"

"ச்சீ. நான் எதுக்குடி உன்ன எறக்கி விடறேன்?"

"தூக்கிட்டுதான் போவ?"

"தூக்கிட்டுதான் போவேன்."

"அப்ப நீதானே கத்துக்கணும்?"

போனில் எடுத்துவிட்டார்கள். "ஹலோ, அண்ணி? அண்ணி? கேக்குதா?"

அக்கா பெட்டியைப் பார்த்தாள், பாப்பாவைப் பார்த்தாள். "ஒண்ணுமில்லமா, சும்மாதான் கூப்ட்டேன். அப்பறம் பேசறேன்" என்று வைத்தாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அந்த டிசம்பருக்குப் பிறகு அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். பாப்பா கயிற்றைச் சுருட்டியபடி பக்கத்தில் நின்றாள். நான் வெளியே போய் செலையூருக்குப் போன் செய்தேன்.

"இடம் இருக்கா?" என்று நான் கேட்பதற்குள், பின்னாலேயே வந்த பாப்பா போனைப் பிடுங்கிக்கொண்டாள். "ஆன்ட்டி, மழை பெஞ்சா உங்க தெருல தண்ணி எந்தப் பக்கம் போகும்?"

மறுமுனையில் கொஞ்சம் யோசனை. "தெரியலயேமா. இத்தன வருஷமா இருக்கோம், பாத்ததே இல்ல. நீ வந்து பாத்துச் சொல்றியா?"

போனை என்னிடம் திருப்பித் தந்தாள். "சித்தி, இங்கயே சேத்துரு."

திங்கள் காலை, வேன் வருவதற்கு முன்னால், ஆறு மணிக்கு நாங்கள் மூன்று பேரும் வேறொரு குளத்தில் இருந்தோம். பெண்களுக்கான வகுப்பு. பாப்பாவின் நிபந்தனையில் நானும் சிக்கியிருந்தேன், கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் போகிறவள் நான்தானே. அக்கா சுடிதாரோடு இறங்கினாள். இடுப்பளவு தண்ணீரில் கம்பியைப் பிடித்தவள் பிடித்தவள்தான். சொல்லிக்கொடுக்கிறவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "மேடம், கைய விடுங்க, நான் இருக்கேன்." அக்கா விடவில்லை. கால் தரையைத் தொட்டு நிற்கும்போதே தரையைத் தேடிக்கொண்டிருந்தது. செவ்வாயும் அப்படியே. புதனும். எட்டு மணிக்கு ஈரத்தலையோடு நாவலூருக்கு ஓடினாள்.

வியாழக்கிழமை ஒரு கையை விட்டாள். அந்தக் கை காற்றில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுவிட்டு, என் தோளைப் பிடித்தது. நகம் பதிந்தது. நானும் கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

படிக்கட்டிலிருந்து குரல் வந்தது. "சித்தி, கண்ணத் தொற. அளந்துட்டேன், மூணு அடிதான். இங்க எழுதினது சரி."