வல்லை வெளியில் நின்றுபோன பந்தய என்ஜின்

எங்கள் புத்தூரிலிருந்து பருத்தித்துறைப் பக்கம் போக எவ்வளவு நேரம் எடுக்கும் என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். நெல்லியடிக்கு அப்பால் உள்ள ஆஸ்பத்திரிவரை ஏறக்குறையப் பதினாறு கிலோமீற்றர். இப்போது அரை மணித்தியாலம் தாராளம். 1992இல் எனக்கு ஒரு மணி ஐம்பது நிமிடம் எடுத்தது. அந்தப் பயணத்தைத்தான் எழுதுகிறேன்.

என் தங்கை மலருக்கு அன்று விடியுமுன்னமே அந்த ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்திருந்தது. இரத்தப்போக்கு நிற்கவில்லை. அவளுக்கு ஓ நெகற்றிவ் இரத்தம் வேண்டும், எனக்கும் அதே வகை. அவள் கணவர் சைக்கிளில் வந்து சொன்னபோது ஆறே முக்கால்.

போர்த் தடையால் வடக்கிற்குப் பெற்றோல் வராத காலம் அது. எங்கள் ஊரில் உடனே புறப்படக்கூடியதாக இருந்தது செல்லத்துரை அண்ணையின் மொறிஸ் மைனர் மட்டுமே. ஒருகாலத்தில் தெற்கே மோட்டார்ப் பந்தயங்களில் ஓடிய கார். பந்தயத்திற்கென்று யாரோ என்ஜினுக்கு எரிபொருள் ஊட்டும் காபரேற்றர் இரண்டு பூட்டியிருந்தார்கள். அண்ணை அதில் ஒன்றைப் பெற்றோலுக்கும் மற்றதை மண்ணெண்ணெய்க்கும் மாற்றிவிட்டார். பெற்றோல் சேலைன் போத்தலிலிருந்து சொட்டும். அதில் என்ஜின் பிடித்ததும் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறப்பார். அந்தச் செப்புக் குழாயைப் புகைக்குழாயில் சுற்றியிருந்தார். சூட்டில் எண்ணெய் ஆவியானால்தான் என்ஜின் ஓடும்.

“பிள்ளை, ஒருக்காப் பிடிச்சால் பிறகு நிப்பாட்டேலாது. கிடந்த பெற்றோல் இவ்வளவுதான்,” என்றார். ஏழு பத்துக்குப் புறப்பட்டோம். வாடகை நானூறு ரூபா, மண்ணெண்ணெய் நான்கு போத்தல்.

வழியில் வல்லை என்ற வெட்டவெளியில் முனியப்பர் கோயிலடியில் எந்த வாகனமும் நின்று கும்பிட்டுத்தான் போகும். கற்பூரம் சுற்றிய கடதாசிச் சரையோடு வந்த எனக்கும் தாண்டிப்போக மனம் வரவில்லை. ஒரு நிமிடம் நிற்கச் சொன்னேன். என்ஜின் ஓடட்டும், கெதியாய் வாருங்கோ என்று சொல்லிக்கொண்டே ஓரங்கட்டியவர், சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்திவிட்டார். முப்பது வருடமாக அந்த இடத்தில் அவர் செய்கிற வேலை அது.

“கை தன்ரைபாட்டில திருப்பிப்போட்டுது, பிள்ளை.”

நிற்கச் சொல்லிக் கேட்டது நான்தானே.

கைபிடி போட்டுச் சுற்றச் சுற்ற மண்ணெண்ணெயில் பிளக் நனைந்ததுதான் மிச்சம். வெளிக்காற்றில் என்ஜின் ஆறிக்கொண்டே போனது. எட்டு மணிபோல, மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த மீன் வியாபாரி ஒருவர் சைக்கிளை நிறுத்தினார். கார் பந்தயத்தில் ஓடியது என்று அண்ணை சொல்ல, “அப்ப நான் சைக்கிளில முந்திப்போட்டன்,” என்றார். விசயத்தைச் சொன்னதும் சைக்கிளை மீன்பெட்டியோடு மதகில் சாத்திவிட்டுத் தள்ள வந்தார். தள்ளியும் பிடிக்கவில்லை.

அண்ணை பிளக்குகளைத் துடைத்துப் பூட்டினார். எண்ணெய்க் குழாயை மூடிவிட்டு என்னிடம் கையை நீட்டினார்.

“அந்தக் கற்பூரத்தைத் தாங்கோ. குழாயைச் சூடாக்கோணும்.”

“அது முனியப்பருக்கெண்டு கொண்டுவந்தது, அண்ணை.”

“அவர் கோவிச்சால் என்னோடை கோவிக்கட்டும். தங்கச்சிக்கு நேரமில்லை.”

முழுச் சரையையும் கொடுத்தேன். தகரமூடியில் கொளுத்திச் செப்புக் குழாயின் கீழே பிடித்தார். சுடர் காற்றில் சாய, மீன்காரர் உடுத்திருந்த சாரத்தை விரித்து மறைத்தார். கோயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தச் சுடரைத்தான் கும்பிட்டேன். அது அணைந்ததும் அண்ணை எண்ணெய்க் குழாயைத் திறக்க, நானும் மீன்காரருமாகத் தள்ளினோம். நாலாவது உந்தில் வெள்ளைப் புகையோடு பிடித்தது. நான் ஓடி ஏறினேன். அந்த மனிதரின் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

சரியாக ஒன்பதுக்கு ஆஸ்பத்திரி. தாதி இரத்தம் எடுக்க என்னை நேரே கட்டிலில் படுக்கவைத்தார். பின்னேரம் மலர் கண் திறந்து, “அக்கா, உங்களிலை ஏன் மண்ணெண்ணெய் மணக்குது?” என்று கேட்டாள். அதைவிட இனிய பேச்சை நான் இன்றுவரை கேட்டதில்லை.

அந்த வழியால் போகிறவர்கள் வெயிலுக்கு முன் புறப்படுங்கள். வல்லை வெளியில் நிழல் இல்லை. தண்ணீர் கொண்டுபோங்கள். கூட வருகிறவர்களிடம் உங்கள் இரத்த வகையைச் சொல்லிவையுங்கள்.

நாலாம் நாள் அண்ணையின் காரில் திரும்பி வரும்போதும் முனியப்பரடியில் நின்றோம். அண்ணை இரண்டு கையையும் ஸ்ரேறிங்கில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். கார் படபடவென்று குலுங்கிக்கொண்டிருக்க, நான் இறங்கிப்போய்க் கும்பிட்டு நன்றி சொன்னேன். அந்த இரைச்சலுக்குள்ளும் நான் சொன்னது முனியப்பருக்குக் கேட்டிருக்கும்.