குலுக்கலில் அண்ணையின் பெயர்

வருடத்துக்கு இத்தனை பெற்றோர்தான் என்று கனடா ஓர் அளவு வைத்திருக்கிறது. அம்மாவை நிரந்தரமாகக் கூப்பிட வேண்டுமென்றால், முதலில் பிள்ளை தன் பெயரை இணையத்தில் பதிய வேண்டும். ஒரு நம்பர் தருவார்கள். பிறகு குலுக்கல். அமெரிக்காவில் தன் தங்கச்சியைக் கூப்பிடக் காத்திருக்கும் என் மச்சாளுக்காவது வரிசை என்று ஒன்று உண்டு. அது ஆமை வேகத்திலேனும் நகருகிறது. எங்களுக்கு அதுவும் கிடையாது.

பதிவு திறந்தபோது நானும் அண்ணையும் ஆளுக்கொரு பெயர் போட்டிருக்கலாம். சட்டம் தடுக்கவில்லை. தடுத்தது அம்மா. யாழ்ப்பாணத்திலிருந்து ஃபோனில் ஒரே பிடி.

"மூத்தவன் இருக்கேக்க பொம்பிளைப் பிள்ளை கூப்பிட்டு நான் வாறதோ? சனம் என்ன கதைக்கும்?"

"சனமே அம்மா குலுக்கப் போகுது?" என்றேன்.

"நான் பாத்துக்கொள்ளுறன், நீ சும்மா இரு," என்றார் அண்ணை. அப்போது இங்கே அஜின்கோர்ட்டில் அவருடைய சாப்பாட்டுக் கடை கொத்துரொட்டிச் சத்தத்தோடு அமோகமாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் பெயர் மட்டும் போனது. அதன் பிறகு புதுப் பெயர் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். பழைய பெயர்களுக்குள்தான் குலுக்கல். நான் வெளியே. நினைக்க இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அழைப்பு அனுப்புகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், என் கை சும்மா இராது. வேலையிடத்தில், பஸ்ஸில், கொதிக்கிற உலைக்குப் பக்கத்தில் நின்றெல்லாம் அண்ணைக்கு ஃபோன் அடிப்பேன். "ஈமெயில் பாத்தீங்களே? ஜங்க் ஃபோல்டர் பாத்தீங்களே?" அவர் எரிந்து விழுவார். குளியலறையில் வழுக்கி விழுந்த பிறகும் அம்மா அங்கே தனியாகத்தான் இருந்தார். பெற்றோர் வந்து தங்கிப் போகிற சூப்பர் விசாவில் வந்து சில வருடம் இருங்கள் என்று கெஞ்சினேன்.

"விருந்தாளியா வந்து நாள் எண்ண மாட்டன். வந்தா உங்கட ஆளா வாறன்."

போன கிழமை அழைப்பு வந்தது. டோர்செட் பார்க்கில் இருக்கும் அண்ணை யூனியன்வில்லில் உள்ள என் வீட்டுக்கு வந்து ஃபோனை நீட்டினார். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவர் சிரிக்கவில்லை.

"மூண்டு வருச வருமானம் காட்டச் சொல்லுறாங்கள் பிள்ளை. கடை பூட்டினாப் பிறகு டாக்ஸியில என்ன வருது? மனிசியின்ர சம்பளத்தைச் சேத்தாலும் காணாது."

"நான் கையெழுத்துப் போடுறன். என்ர சம்பளம் காணும்."

"மனிசி மட்டும்தானாம் சேந்து போடலாம். தங்கச்சி ஏலாதாம். விசாரிச்சிட்டுத்தான் வாறன்."

சம்பளம் என்னிடம் இருக்கிறது, நம்பர் அவரிடம் இருக்கிறது. அன்றைக்கு நானும் பெயர் போட்டிருந்தால் என்று வாய் வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கினேன்.

அந்த நேரம் பார்த்து அம்மா வீடியோவில் வந்தார். அழைப்பைக் கண்ட சந்தோஷத்தில், மீதியை வாசிக்க முதலே அண்ணை அவருக்குச் சொல்லிவிட்டாராம். அம்மாவின் கட்டிலில் பெட்டி திறந்து கிடந்தது.

"பாத்தியே பிள்ளை, மூத்தவன்தான் என்னைக் கூப்பிடுறான். நான் அப்பவே சொன்னன். குளிருக்கு என்ன கொண்டுவாறது?"

அண்ணை தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒண்டும் வேண்டாம் அம்மா," என்றேன். "இங்க எல்லாம் இருக்கு."