ஏழாவது ஹோலின் பேரீச்சைகள்

அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில் நான் புல்வெட்டும் மெஷின் ஓட்டுகிற கோல்ஃப் மைதானம், ஒரு பழைய பேரீச்சந்தோட்டத்தின் மேல் போடப்பட்டது. தோட்டத்தில் மிஞ்சியவை ஏழாவது ஹோலை ஒட்டிய இருபத்திரண்டு பெண் மரங்களும், கிளப் வாசலில் இரண்டு ஆண் மரங்களும்தான். மட்டை வெட்டி ஏறியவர்களின் படிகள் மரங்களில் இன்னும் தெரிகின்றன. அவர்கள் யாரென்று எத்தனையோ புத்தகங்களில் தேடிவிட்டேன், கிடைக்கவில்லை.

போன வருடக் கோடை முடிவில் மேனேஜர் சொன்னார்: "நம்ம கிளப் பேரே பேரீச்சந்தோட்டம். வர்ற மெம்பர் எல்லாம் பழம் எங்கேன்னு கேக்கறாங்க. அடுத்த கோடையிலயும் காய்க்கலேன்னா பிடுங்கிடலாம்."

பதினோரு வருடம் நான் சுற்றிச்சுற்றிப் புல்வெட்டிய மரங்கள்.

ஏன் காய்க்கவில்லை என்று தேடி, அடுத்த லீவு நாளில், அறையில் என் டைரிகளை எல்லாம் பிரித்துப் பார்த்தேன். குளிர் குறையும் சமயத்தில் ஒவ்வொரு வருடமும் ஒரே வரி: 'ஆண் மரப் பாளைகளை வெட்டினேன். வாசலில் பூ மாவு உதிரவில்லை.' சுத்தமான வேலை என்று மேனேஜரிடம் பாராட்டு வாங்கியதையும் எழுதியிருந்தேன்.

அதே அறையில் தங்கியிருந்த பலூச்சிக்காரர், மைதானத்துக்குத் தண்ணீர் விடுபவர். பேரீச்சை விளையும் ஊர்க்காரர். படித்துக் காட்டியதும் கட்டிலில் உருண்டு சிரித்தார்.

"அரே பாய்! வருஷா வருஷம் மாப்பிள்ளையை வெட்டிப் போட்டுட்டு, பொண்ணு ஏன் பிள்ளை பெறலேன்னு டைரி எழுதறியா?"

"எங்க ராமநாதபுரத்துல பனைக்கு யாரு கல்யாணம் பண்ணி வைக்கிறாங்க? காத்து பாத்துக்கும்னு நெனச்சேன்."

"இது உன் பனை இல்லே. ஆண் பூவை எடுத்துப் பெண் பாளைக்குள்ள கையால செருகணும். பாளை வெடிச்ச சில நாளுக்குள்ள. எப்ப வெடிக்கும், தெரியுமா?"

தெரியும். பதினோரு வருடமும் எந்த வாரம் வெட்டினேன் என்று தேதியோடு இருந்ததே! என் தப்பின் கணக்கே நாள்காட்டியாகிவிட்டது.

குளிர் குறைந்து அந்த வாரம் வந்ததும், டியூட்டி தொடங்கும் முன்பே ஆண் பூக்களை எடுத்துக்கொண்டு ஏணியோடு போனோம். முதல் மரத்தில் பழைய படிகளில் கால் வைத்து நான் ஏறினேன், கீழிருந்து அவர், "யல்லா, ஏறுங்க மாப்பிள்ளை வீட்டாரே, மெதுவா!" என்றார். முள் கிழித்த கையோடு, மாறி மாறி ஏறி இருபத்திரண்டு மரங்களையும் முடித்தோம்.

கோடையில் குலைகள் மஞ்சளாகிக் கனத்துத் தொங்கின. மேனேஜர் தொப்பியைக் கழற்றி அண்ணாந்து பார்த்தார். மரம் பிடுங்க வரவேண்டிய மெஷினை வேண்டாம் என்று அங்கேயே போனில் சொன்னார். "யாரு செஞ்சது?" என்றார். பலூச்சிக்காரர் என்னைக் காட்டினார், நான் அவரைக் காட்டினேன்.

அன்று டைரியில் தேதி போட்டு, ஏறிய எங்கள் இருவர் பெயரையும் முழுதாக எழுதினேன். இந்த மரங்களில் ஏறியவர் யாரென்று இனி ஒருவன் தேடினால், இரண்டு பேராவது கிடைப்பார்கள்.