ஜெனரேட்டர் விற்ற அக்கா

எங்கள் சுற்றுச்சூழல் அமைப்பில் டீசலை ஒழித்துச் சூரிய மின்சாரத்தைக் கொண்டுவரும் வேலைக்கு அக்காதான் தலைவி. அதற்கு முன் பதினோரு வருஷம் அவர் விற்றது என்ன தெரியுமா? டீசல் ஜெனரேட்டர்! "நான் கிளப்பின புகையை நானே அடக்குறேன், வேற ஆள் எதுக்கு?" என்பார்.

நான் சேர்ந்த மூன்றாம் மாதம், பால் குளிரூட்டும் நிலையம் ஒன்றில் வெள்ளோட்டம். காலைப் பால் நான்கு டிகிரிக்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் சூரியத் தகடுகளைக் கழற்றிக்கொண்டு கிளம்பச் சொல்லிவிட்டார் நிலையச் செயலாளர். மற்ற பன்னிரண்டு நிலையங்களும் கைவிரித்துவிடும்.

"இந்த ஜெனரேட்டரை என் தலையில கட்டினதே நீங்கதானேம்மா?" என்று குத்தினார் செயலாளர்.

"நல்லாத்தானே ஓடுச்சு அண்ணே? இது அதைவிட நல்லா ஓடும்."

தொட்டி நிரம்பியது. குளிரூட்டும் மோட்டார் இரண்டுக்கும் சுவிட்சைப் போட்டோம். 'டப்'. எல்லாம் அணைந்தது. மறுபடி போட்டோம், மறுபடி டப். பால் முப்பத்திரண்டு டிகிரியில் நின்றது.

"என்னம்மா, வெயில் லீவு போட்டுடுச்சா?"

நான் கணக்குத் தாளை அக்காவிடம் நீட்டினேன். மின் கணக்கு நான் போட்டது. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி போட்ட கணக்கு. ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. அக்கா அதை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார்.

"மோட்டார் ஓடும்போது இழுக்கிறதை எழுதியிருக்க. கிளம்பும்போது இழுக்கிறது எங்க?"

"அது... விட்டுட்டேன்க்கா."

"படுத்திருக்கிற எருமையைக் கிளப்பியிருக்கல்ல? நடக்க ஆரம்பிச்சா அது பாட்டுக்குப் போகும். எழுப்பத்தான் நாலு ஆள் வேணும். நாம ரெண்டு எருமையை ஒண்ணா எழுப்புறோம். ஜெனரேட்டர் விக்கப் போனா நான் கேட்கிற முதல் கேள்வியே அதுதான்டா!"

மின் பெட்டியைத் திறந்து, இரண்டாவது மோட்டார் மூன்று நிமிஷம் கழித்துக் கிளம்பும்படி டைமரைத் திருகினார்.

முதல் மோட்டார் உறுமியது. மூன்று நிமிஷத்தையும் நான் நொடி நொடியாக எண்ணினேன். இரண்டாவதும் சேர்ந்துகொண்டது. விளக்கு ஒருமுறை மங்கியது, அணையவில்லை! இரண்டரை மணி நேரம் மீட்டரைவிட்டு யாரும் நகரவில்லை. பதினெட்டு... ஒன்பது... ஐந்து... நான்கு! நான் கத்தியேவிட்டேன்.

செயலாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார். பிறகு போனை எடுத்து அடுத்த நிலையத்தைக் கூப்பிட்டார்.

"யோவ், அந்தம்மா நாளைக்கு உன்கிட்ட வருது. குறுக்கக் குறுக்கப் பேசாம வேலை செய்ய விடு."

"நாளைக்கு எதுக்கு அண்ணே?" அக்கா கருவிப் பையைத் தோளில் மாட்டிவிட்டிருந்தார். "இப்பவே வர்றோம்னு சொல்லுங்க!"