குடை பிடித்த மீனைத் தேடி மண்டைக்காட்டுக்கு

"சார், அச்சடிச்ச படந்தானே? அதுல எதுக்குக் கையெழுத்து?" என்று, என்னிடமிருந்த படமொன்றைப் பார்த்த ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி முன்பு கேட்டாள். ஓவியர் கல்லில் வரைந்து நூறு படிகள் மட்டும் அச்சிடுவார், ஒவ்வொன்றின் அடி ஓரத்திலும் பென்சிலால் எண்ணும் கையெழுத்தும் இடுவார் என்றேன். "தலைமையாசிரியர் கையெழுத்துப் போடாத டி.சி.யை எந்தப் பள்ளிக்கூடம் வாங்கும்?" புரிந்துகொண்டாள்.

கனவில் வருவதுபோன்ற சர்ரியலிசக் கல்லச்சுப் படங்களைப் பதினோரு ஆண்டுகளாகச் சேர்க்கிறேன். ஓர் ஓவியர் மூன்று படங்களாகச் செய்த ஒரு வரிசையில் இரண்டு என்னிடம் உண்டு. மூன்றாவது மண்டைக்காட்டில் சேவியரிடம் இருப்பது மே மாதம் தெரிந்தது. மஸ்கட்டில் அந்த ஓவியருக்குச் சமைத்துப் போட்டவர் அவர். ஊர் திரும்பியபோது கிடைத்த பரிசு அது. அதைப் புகைப்படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்: குடை பிடித்துப் படியேறும் மீன், அடியில் 41/100. "கடற்காற்று ஆகாது, மழைக்கு முன் கண்ணாடி போட்டுவிடுங்கள்" என்றேன்.

ஜூலையில் போனேன். வடசேரி பேருந்து நிலையத்தில் காலை 9.10 பேருந்து, இருபது கிலோமீட்டர், ஐம்பது நிமிடம், இருபத்திரண்டு ரூபாய். நிறுத்தத்திலிருந்து ஆட்டோ அறுபது.

சேவியரின் மனைவி சிரித்தார். "இந்த மீனப் பாக்கவா இம்புட்டு தூரம் வந்திய? காலு மொளச்ச மீனுன்னா எங்க ஆளுவ வலைக்குச் சிக்குமா?"

படம் பளபளத்தது. அடியில் வெள்ளை ஓரமே இல்லை.

"பிரேமுக்கு உள்ள இருக்கும் சாரே," என்றார் சேவியர். பின்பலகையைக் கழற்றினோம். இல்லை. உடனே அவருடைய பைக்கில் பிரேம் கடைக்குப் போனோம்.

"அடியில யாரோ பென்சில்ல கிறுக்கியிருந்தாவ. சாமி படத்துக்கு உள்ள பிரேமு, அளவுக்கு ஒக்கல. வெட்டிக் களைஞ்சேன்," என்றார் கடைக்காரர். "படத்துல ஒரு கீறலு உண்டா, பாரும்!"

இல்லைதான்.

திரும்பும் வழியில் சேவியர் வண்டியை நிறுத்தினார். "அவரு கையெழுத்துக்குப் பக்கத்துல எனக்க பேரையும் எழுதியிருந்தாரு சாரே."

என் வரிசை முடியவில்லை என்ற வருத்தம் அந்த இடத்திலேயே சின்னதாகிவிட்டது. கண்ணாடி போடச் சொன்னவன் நான். ஓரத்தைத் தொடக்கூடாது என்று இன்னும் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரிந்தது அவருக்கும் தெரியும் என்று இருந்துவிட்டேன். முப்பத்தெட்டு ஆண்டு பாடம் நடத்தியவன் செய்யக்கூடாத தவறு.

இப்படிப்பட்ட படம் உங்களிடம் இருந்தால், பிரேம் கடையில் ஓரத்தைத் தொட்டுக் காட்டி "இதை வெட்டக்கூடாது" என்று சொல்லுங்கள். கடைக்காரரையும் ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.