மாமா பிடித்த கயிறு

என் தாய்மாமாவுக்கு இப்போதெல்லாம் காப்பித் தம்ளரைச் சரியாகப் பிடிக்க வராது. விரல்கள் பாதிவரை மடங்கி, அதற்குமேல் மாட்டேன் என்று நின்றுவிடும். வேலை முடிந்து பஸ்ஸில் நசுங்கி நான் வீடு வந்து சேரும் மாலைகளில் சில நாள் அவர் வந்து உட்கார்ந்திருப்பார். இரண்டு கையாலும் தம்ளரை ஏந்திக்கொண்டு அப்பா சொல்லும் கதையைக் கேட்டுக்கொண்டிருப்பார். அப்பாவிடம் இருப்பது ஒரே கதை. செம்புராங்கல் வெட்டியெடுத்த கிடங்குப் பள்ளத்தில் கைக்கு எட்டின விரால் தப்பிப்போன கதை. அன்றைக்கு முழங்கை நீளம் இருந்த மீன் வருஷா வருஷம் வளர்ந்து இப்போது ஆள் நீளத்துக்கு வந்துவிட்டது. மாமா ஒரு வார்த்தை மறுத்துச் சொல்ல மாட்டார். நானும் அலுத்துப்போய் உள்ளே போய்விடுவேன்.

அப்பாவுக்குச் சொந்த ஊர் தொண்டிப் பக்கம். விவசாயக் குடும்பம்தான். ஆனாலும் கடல் நடந்துபோகிற தூரத்தில் இருந்ததால் சின்ன வயதிலேயே மூச்சடக்கி முங்கப் பழகியிருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு அம்மாவின் ஊரான மானகிரிக்கே வந்து குடியிருந்தார். பிறகு ஒரு ஏஜென்ட் மூலமாகக் குளிர் நாடு ஒன்றில் சின்னப் படகில் வேலை கிடைத்தது. அங்கே பெரிய ஹோட்டல்காரர்களுக்கு வலையில் நசுங்கின மீன் ஆகாதாம். ஒருவர் முங்கிப்போய் ஈட்டியால் குத்திக் கொண்டுவந்த மீன்தான் வேண்டுமாம். என்ன நாக்கோ.

அந்தக் கடலில் ஈட்டி நுனிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது என்பார் அப்பா. அவ்வளவு கலங்கல். குளிரில் காது மரத்துப்போகும், அப்புறம் விரல் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். அதனால் முங்குகிறவர் இடுப்பில் ஒரு கயிறு கட்டியிருப்பார். மறுமுனை படகில் உட்கார்ந்திருப்பவர் கையில் இருக்கும். கீழே போனவர் அவ்வப்போது கயிற்றைச் சுண்டிவிட வேண்டும். சுண்டினால் ஆள் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். சுண்டவில்லை என்றால் மேலே இருப்பவர் யோசிக்கவே கூடாது, இழுத்துவிட வேண்டும்.

அந்த மேலே இருப்பவர்தான் என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. தொண்டிப் பக்கம் சங்கு குளிக்கப் போகிறவர்கள் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன் கையில்தான் கயிற்றைக் கொடுப்பார்கள், அது அங்கே வழக்கம் என்று அப்பா சொல்லியிருக்கிறார். ஏன் என்று நான் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் அப்பாவின் ஈட்டியைப் பற்றி வாய் ஓயாமல் பீற்றிக்கொள்வேன். உங்க மாமா என்ன செய்கிறார் என்று எவளாவது கேட்டால், அவரும் கூட இருக்கிறார் என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று எப்படிச் சொல்வது?

நான் நான்காம் வகுப்புப் படித்த வருஷம் மார்கழியில் இருவரும் விடுப்பில் வந்தார்கள். அப்பா ரப்பர் உடுப்பையும் ஈட்டியையும் கூடவே கொண்டுவந்து, வருகிற போகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினார். மாமா வந்த நாளிலிருந்து வாசலில் வெயில் விழும் இடத்தில் பாயைப் போட்டுத் தூங்கினார். வெயில் நகர நகரப் பாயையும் நகர்த்திக்கொண்டார். அவருடைய உள்ளங்கைகள் கோடைக் கண்மாய் மாதிரி வெடித்திருந்தன.

ஒருநாள் அடுப்படியில் அவர் அம்மாவிடம் பேசியது என் காதில் விழுந்தது.

"எனக்கு ஏலலக்கா. அந்தக் குளிரு எலும்புக்குள்ள போயி உக்காந்துக்கிருது. காரைக்குடியில கடையில வேலை இருக்குன்னு சொல்றாக. இங்குட்டே இருந்துக்கிறேன்."

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நீ சொல்றது சரிதான்டா. நான் இருன்னும் சொல்லல, போன்னும் சொல்லல. ஆனா வேற ஆளு கையில கயித்தக் குடுத்துட்டு எனக்கு இங்குட்டுச் சோறு எறங்காது. அதை மட்டும் சொல்லிட்டேன்."

மாமா போய்ப் பாயில் படுத்துக்கொண்டார். அங்கே யாரோ கயிறு பிடிப்பதற்கும் இங்கே அம்மா சாப்பிடுவதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. வெங்காயத்தில் அவளுக்குக் கண் கலங்கியிருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

இதற்கு நடுவில் பெரியப்பா வந்து சேர்ந்தார். அம்மாவின் அக்காள் வீட்டுக்காரர். அடுத்தவர்களைக் கிளப்பிவிட்டு வேடிக்கை பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஈட்டியை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, வெள்ளைக்காரன் தண்ணியிலதான் இது குத்துமா, நம்மூருத் தண்ணியில குத்தாதா?" என்றார். அப்பாவுக்கு அது போதும்.

கண்மாயில் ஊர் கூடி மீன் பிடிக்கிற நாளுக்கு முன்னால் எவரும் கை வைக்க முடியாது. அதனால் ஊருக்கு மேற்கே இருந்த கிடங்குக்குப் போவதென்று முடிவாயிற்று. வீடு கட்டுவதற்காகச் செம்புராங்கல்லை வெட்டி வெட்டி எடுத்துப் பாதாளமாகக் கிடந்த பள்ளம் அது. அந்த வருஷத்து மழையில் நிரம்பி, காவிக் குழம்பாக நின்றது. அதற்குள் கிழட்டு விரால் ஒன்று இருப்பதாக ஊரில் பேச்சு. பார்த்தவர்கள்தான் யாரும் இல்லை.

காலையில் பாதி ஊர் கரையில் கூடிவிட்டது. பனி விலகவில்லை. தண்ணீரில் கால் வைத்துப் பார்த்த நான் அலறிக்கொண்டு பின்வாங்கினேன். மாமா கிணற்றுக் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"கயிறு எதுக்கு மாப்ளே, மாடு குளிப்பாட்டவா?" என்றார் பெரியப்பா.

கரையே சிரித்தது. அப்பாவின் முகம் சுண்டிப்போயிற்று. "இந்தக் குட்டையிலயுமாடா? பேசாம இரு" என்றார். அப்போதுதான் அடுப்பை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்த அம்மாவைக் கவனித்தேன். கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு, "கட்டிக்கிருங்க" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அப்பா முணுமுணுத்துக்கொண்டே கட்டிக்கொண்டார்.

முதல் தடவை முங்கி வெறும் கையோடு எழுந்தார். அடுத்த தடவையும் அப்படியே. "மீனு லீவுல போயிருச்சோ?" என்றார் பெரியப்பா. அப்பா மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி இறங்கினார். தண்ணீர் மூடிக்கொண்டது. மாமா கரையில் குந்தி, கயிற்றை விரல்களுக்கிடையில் தொய்வில்லாமல் வைத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் தண்ணீரைப் பார்த்தார்கள். அவர் கயிற்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று எழுந்து, கால்களை மண்ணில் ஊன்றிச் சாய்ந்து இழுக்க ஆரம்பித்தார். எதிலோ சிக்கினது போலக் கயிறு முதலில் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இழுத்தார். அப்பா சேறும் இருமலுமாகக் கரையில் வந்து விழுந்தார். ஈட்டி கையில் இல்லை.

"விராலைப் பிடிக்கப் போன ஆளையே பிடிச்சுப் போட்டுட்டானப்பா!" என்றார் பெரியப்பா. சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அப்பா எழுந்து உட்கார்ந்தார். "ஈட்டி நுனியில நின்னுச்சு. இந்தா குத்துறேன்னு இருக்கேன், கெடுத்துட்டான். உன்னையப் போயி ஒரு ஆளுன்னு கூட்டிட்டுப் போறேன் பாரு. ஒரு கம்பை நட்டுவச்சுக் கட்டுனா அது பிடிச்சுக்கிரும் கயித்த. இதுக்கு ஒரு ஆளா?" என்றார்.

"நீங்க சுண்டல மச்சான்" என்றார் மாமா. அவ்வளவுதான். கயிற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நடந்தார். கயிற்றில் அங்கங்கே சிவப்பாக ஒட்டியிருந்தது செம்மண் என்றுதான் நினைத்தேன். கம்புக்குச் சமானமாகப் பேசப்பட்ட ஒருவருக்கு மருமகளாகப் பிறந்ததில் எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

சாயங்காலம் அப்பாவின் காலில் அம்மா மஞ்சள் பற்றுப் போட்டாள். கணுக்காலைச் சுற்றி முழுக்கக் கருவேல முள் கிழித்திருந்தது. கிடங்குக்கு அடியில் மரம் ஏதாவது கிடந்ததா என்று அம்மா கேட்கவில்லை. அப்பாவும் சொல்லவில்லை. இன்றைக்குவரை அந்தக் கதையில் முள் கிடையாது.

அதன் பிறகு மாமா எங்கள் வீட்டில் சாப்பிட உட்காரவில்லை. காரைக்குடிக் கடைக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார் என்று கேள்விப்பட்டோம். அப்பா ஏஜென்டிடம் போனில், "வேற ஆளு யாராச்சும் இருந்தா பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, தன் தட்டில் சோற்றைப் பிசைந்து பிசைந்து, கடைசியில் கோழிக்குக் கொண்டுபோய்க் கொட்டுவாள். இரண்டு பேரிடமும் எதையும் கேட்கவில்லை. கன்னம் ஒட்டிப்போயிற்று. விரதம் என்று அக்கம்பக்கத்தில் சொன்னாள். மார்கழி என்பதால் எல்லோரும் நம்பினார்கள்.

அப்பா கிளம்புகிற நாளும் வந்தது. கார் வாசலில் நின்றது. பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தபோது தெருமுனையில் மாமா வந்தார். தோளில் அதே பழைய பை. கையில் துணி சுற்றியிருந்தது. பையைப் பின்பக்கம் வைத்துவிட்டு முன் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். அப்பா பெட்டியை உள்ளே தள்ளிவிட்டு முன் கதவருகே வந்தார். பிறகு, "குல்லா எடுத்துக்கிட்டியாடா?" என்று மட்டும் கேட்டார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஊர் முன்னால் அத்தனை பேச்சு வாங்கிவிட்டு மறுபடியும் அதே கயிற்றைப் பிடிக்கப் போகிறாரே, இந்த மனுஷனுக்கு ரோசமே கிடையாதா என்று நினைத்தேன். அவர் கையசைத்தபோது நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கார் போய்ப் புழுதியும் அடங்கிவிட்டது. நான் வாசற்படியில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தேன். உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அம்மா அடுப்படித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முந்தின நாள் குழம்பை ஊற்றிச் சோற்றை உருட்டி உருட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தீர்ந்ததும் பானையைச் சாய்த்து மறுபடியும் போட்டுக்கொண்டாள். புருஷனையும் தம்பியையும் அவ்வளவு தூரம் அனுப்பிவிட்டு வந்த கையோடு இவளுக்கு எப்படித்தான் சோறு இறங்குகிறதோ என்று எனக்கு வெறுப்பாக வந்தது.